நாற்பத்தொரு நிமிடம் திறந்திருந்த ஃபைல்

துரைப்பாக்கம், சென்னை
5.7.2025

அக்காவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு இருபத்து மூன்று நாள். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான் விழுகிறது. பிரேம் மாமாவுக்கு அடித்தால் "உங்க அக்கா பக்கத்துலயே இருக்கா, அப்பறம் கூப்புடறேன்" என்கிறார். கூப்பிடுவதில்லை. உன் வீட்டுக்காரரை நீ வைத்திருக்கும் லட்சணம் அப்படி. அதனால் ஹாஸ்டல் எதிர்க்கடையில் கவர் வாங்கி எழுதுகிறேன்.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வேண்டும். நலம் என்ற சொல்லே இப்போது நம் இரண்டு பேருக்கும் ஆகாது, விட்டுவிடுகிறேன்.

நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்ததை அம்மா பிரிக்காமல் இங்கே அனுப்பினாள். உள்ளே ஒரு தாள். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: "ஜூன் 13, வெள்ளிக்கிழமை, காலை 11.42 முதல் 12.23 வரை ஊழியர் எண் 2217 தங்கள் மருத்துவக் கோப்பைத் திறந்து பார்த்துள்ளார். அக்கோப்பில் அவருக்கு எந்தப் பணியும் ஒதுக்கப்படவில்லை. தாங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் பார்த்தாரா? ஆம் / இல்லை. ஜூலை 31க்குள் பதில் அனுப்பவும்." தாளின் அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வழக்கமாகக் கேட்பது, அதை விடு.

2217 யார் என்று எனக்குத் தெரியாதா? உன் அடையாள அட்டை கிழிந்தபோது நெல்லித்தோப்பு கடையில் லேமினேட் செய்து வாங்கி வந்தவளே நான்தான்.

காலாப்பட்டு பக்கம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மருத்துவக் கோப்பு டிப்ளமோவில் நாம் படித்த முதல் பாடம் இது. ஃபைலைத் திறந்தால் திறந்தவர் எண்ணும் நேரமும் அதிலேயே விழுந்துவிடும், யாராலும் அழிக்க முடியாது. அந்தப் பாடத்தில் நீ என்னைவிட இரண்டு மார்க் அதிகம்.

'இல்லை' என்று அடித்தால் உன் பதினோரு வருட வேலைக்கு ஆபத்து. 'ஆம்' என்று அடித்தால் அது பொய். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டுக்கொண்டு அடிக்கலாம் என்று தாளை வைத்திருக்கிறேன்.

கார்குழலி


சாரம், புதுச்சேரி
10.7.2025

குழலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கடிதத்துக்கும் யாராவது மார்க் போடுவார்கள் என்று நினைத்தாயோ என்னவோ.

கேட்ட கேள்விக்குப் பதில் முதலில். தவறுதலாகத் திறந்துவிட்டது. அதே பெயரில் வேறொரு நோயாளியின் ஃபைலைத் தேடினேன், உன்னுடையது வந்து நின்றது. ஒரு நாளைக்கு இருநூறு ஃபைல் ஏற்றுகிறவள் நான். இதற்குப் போய் ஆஸ்பத்திரி உனக்குக் கடிதம் போடுகிறது, நீ எனக்குக் கடிதம் போடுகிறாய்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த டிப்ளமோ யாருக்காக ஆரம்பித்தது? பத்து வருடம் பேப்பர் ஃபைலைத் தூக்கி என் கை காய்ப்புக் காய்த்த பிறகு, தணிகாசலம் சார் ஒரு நாள் கூப்பிட்டு, "எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போவுது நிர்மலா. அடுத்த வருஷம் டிப்ளமோ இல்லாதவங்கள ரெக்கார்டுல வச்சிக்க முடியாது, பாத்துக்க" என்றார். நான் பயந்துபோய்ச் சேர்ந்தேன். நீ ஏன் சேர்ந்தாய்? "தனியா காலாப்பட்டு வரைக்கும் பஸ்ல போவணுமே, தொணைக்கு வரேங்க்கா" என்றாய். துணைக்கு வந்தவள் முதல் மார்க் வாங்கினாய். துணைக்கு வந்தவள் சென்னை சீட்டையும் வாங்கிக்கொண்டு போனாய். வகுப்புக்கே ஒரு சீட். ஒரு வருடப் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. நான்கு மார்க்கில் போயிற்று எனக்கு.

நீ பிறந்ததிலிருந்தே இப்படித்தான். நான் பிறந்தபோது அப்பா மில்லிலிருந்து வந்து யாரோ சொன்ன பெயரை வைத்தார். நம் தெருவிலேயே மூன்று நிர்மலா. நீ பிறப்பதற்குள் அப்பா தமிழ் மன்றத்தில் சேர்ந்துவிட்டார், ஒரு வாரம் யோசித்துக் கார்குழலி என்று வைத்தார். பாண்டிச்சேரி முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காத பெயர் உனக்கு. எனக்கு ரேஷன் கடையில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்.

எதை வேண்டுமானாலும் அடித்து அனுப்பு. நான் யாரிடமும் கெஞ்சி வாழவில்லை.

நிர்மலா


துரைப்பாக்கம்
14.7.2025

அக்கா,

உன் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் என் பெயரில் வேறொரு நோயாளி இருக்கிறாள். நான்காவது பத்தியில் பாண்டிச்சேரி முழுக்க இன்னொரு கார்குழலி இல்லை. பொய் சொல்வதானால் கடிதத்தை ஒரு முறை திரும்பப் படித்துவிட்டு ஒட்டு.

திறந்ததுகூட எனக்குப் பெரிதில்லை. பார்த்ததை என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. போன மாதம் பதினைந்தாம் தேதி நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வாசற்படியிலேயே நிறுத்தி, "தூக்க மாத்திர சாப்புடறியாடி?" என்றாள். பக்கத்தில் சொல்தா வீட்டம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் சம்சாரம். பிரான்ஸ் பென்ஷனில் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷி. அன்று சாயந்திரத்துக்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும். எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அம்மா வாய்க்கு எப்படி வந்தது என்று அப்போது புரியவில்லை. இந்தத் தாள் வந்த பிறகு புரிந்தது.

நீ பெயரைச் சொன்னாயே, நானும் சொல்கிறேன். வகுப்பில் எனக்கு மார்க் வந்தது. சந்தேகம் கேட்க எல்லாரும் உன்னிடம்தான் வந்தார்கள். "அக்கா, நெஜ ஆஸ்பத்திரில இத எப்படிப் போடுவீங்க?" என்று உன்னைச் சுற்றி நிற்பார்கள். நான் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன். டாக்டர் கிறுக்கியதை நீ ஒரு பார்வையில் படித்துச் சொல்வாய். எனக்கு இன்றுவரை வராது. இங்கே அதற்காக வாரத்துக்கு இரண்டு முறை திட்டு வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் உன் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது.

இன்னொன்று. என் ஃபைல் மொத்தம் இரண்டே பக்கம். இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். நாற்பத்தொரு நிமிடம் என்ன செய்தாய்?

கார்குழலி


சாரம்
19.7.2025

குழலி,

சரி. பொய்தான். வேண்டுமென்றே உன் பெயரைத் தட்டித்தான் திறந்தேன். போதுமா?

ஏன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். டிப்ளமோவில் இருந்த அந்த நலவாழ்வுப் பேப்பரை நினைத்துப் பார். கம்ப்யூட்டர் படிக்க வந்தவர்களுக்கு அது எதற்கு என்றுதான் முதல் நாள் எல்லாரும் சிரித்தோம். "ஊரான் ஒடம்பப் பத்தி எழுதப் போறீங்க, மொதல்ல உங்க ஒடம்பப் பத்தி எழுதிப் பழகுங்க" என்று மேனகா மேடம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை அடி நடந்தாய், மனநிலை பத்துக்கு எத்தனை, தினமும் எழுத வேண்டும். நான் உள்ளதை எழுதினேன். தூக்கம் ஐந்து மணி, மனநிலை மூன்று. காரணம் என்ற கட்டத்தில் ஒரு நாள் 'தங்கச்சி' என்றுகூட எழுதினேன். நீ தினமும் எட்டு மணி, மனநிலை ஒன்பது. மேடம் உன் நோட்டை வகுப்பில் படித்துக் காட்டினார். "இப்படி இருக்கணும்" என்றார். நான் வீட்டுக்கு வந்து, "ஒரே வயித்துல பொறந்த எனக்கு மட்டும் ஏன் தூக்கம் வரல?" என்று பிரேமிடம் சண்டை போட்டேன். அவர் பாவம், தலையணையை மாற்றிக் கொடுத்தார்.

அந்த நோட்டுக்கு நீ இருபதுக்கு இருபது. நான் பதினாறு. சீட்டு போன நான்கு மார்க் அதுதான்.

சீட்டு முடிவு வந்தது வியாழக்கிழமை. அன்றே உன்னை பிளாக் செய்தேன். மறுநாள் டோக்கன் கவுண்டர் ராஜாம்பாள் என்னைப் பார்த்து, "உன் தங்கச்சி ஏப்ரல்ல இங்க வந்துச்சே, ஒடம்பு தேவலையா? உங்கிட்ட சொல்லலியா?" என்றாள். எட்டு மணி நேரம் தூங்குகிறவளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று நினைத்தேன். அதற்குமேல் கை நிற்கவில்லை. திறந்தேன். நான்கு மாதமாகத் தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, மாத்திரை. தேதியைப் பார்த்தேன். மேடம் உன் நோட்டைப் படித்துக் காட்டிய அதே வாரம். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கன்னத்தில் அறைந்தால் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாற்பத்தொரு நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. திறந்து வைத்துவிட்டு டீக்குப் போய்விட்டேன்.

உன் தாள் விஷயம் ரெக்கார்டு ரூமுக்கும் வந்துவிட்டது. தணிகாசலம் சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன் பதில் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். 'ஆம்' என்று ஒரு டிக் அடி, குழலி. ஒரே ஒரு டிக். இந்த வேலை போனால் வேறு எந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமும் என்னைச் சேர்க்காது, ஃபைலைத் திறந்தவள் என்று முத்திரை விழுந்துவிடும். 'இல்லை' என்று அடித்தாயானால் நானும் சும்மா இருக்க மாட்டேன். உன் நோட்டு முழுக்கப் பொய் என்று மேனகா மேடத்திடம் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆகாது. நான்கு மார்க் போனால் சீட்டும் போகும்.

நிர்மலா


துரைப்பாக்கம்
23.7.2025

அக்கா,

போய்ச் சொல்.

நானே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை மேடம் நம்பரை எடுத்திருக்கிறேன். அடிக்கத் தைரியம் வரவில்லை. நீ சொன்னால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

நோட்டில் ஏன் பொய் எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முதல் வாரம் உள்ளதைத்தான் எழுதினேன். தூக்கம் இரண்டு மணி. பஸ்ஸில் உன் நோட்டை எட்டிப் பார்த்தேன், ஐந்து மணி என்று இருந்தது. தூங்குவதில்கூட உனக்குக் கீழே இருக்க வேண்டுமா என்று தோன்றியது. அழித்துவிட்டு எட்டு என்று எழுதினேன். பிறகு தினமும் எட்டு. அவ்வளவுதான் காரணம். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்.

'ஆம்' என்று அடிக்கச் சொல்கிறாய். இரண்டு நாளாகப் பேனாவைத் தாளுக்கு மேலே வைத்துக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை. ஒரு நோட்டு நிறையப் பொய் எழுதியதற்கே இந்த மேஜையில் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இங்கே முன்பின் தெரியாத ஆயிரம் பேருடைய நோயை எழுதுகிறோம், அவர்கள் நம்பித்தான் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். இது நல்ல காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஒரு முறையாவது நீ தோற்றுப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னாயே, அதற்காக.

டீக்குப் போனேன் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாக மூடிக்கொள்ளும். வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். நாற்பத்தொரு நிமிடம் திறந்திருந்தது என்றால் யாரோ எதிரில் உட்கார்ந்து தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

தாளை இன்னும் அனுப்பவில்லை. 31ஆம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. என்ன செய்துகொண்டிருந்தாய், அக்கா?

குழலி


சாரம்
28.7.2025

குழலி,

இன்று காலை தணிகாசலம் சார் அறைக்குப் போய், நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். "என் தங்கையின் கோப்பைப் பொறாமையால் திறந்தேன். அவள் கேட்கவில்லை." சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பொறாமன்னு எழுதணுமா? ஆர்வத்துலன்னு எழுதேன், கேக்கறதுக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்" என்றார். "இல்ல சார், பொறாமதான்" என்றேன். நானே வந்து சொன்னதால் வேலை போகவில்லை. ஆறு மாதம் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. நாளையிலிருந்து ராஜாம்பாள் பக்கத்தில் டோக்கன் கவுண்டர். அந்த முதல் பாடத்தைக் காலேஜில் திரும்ப எழுதிப் பாஸ் செய்தால்தான் ரெக்கார்டு ரூம். உன்னைவிட இரண்டு மார்க் அதிகம் வாங்கிய பாடம். நன்றாகச் சிரி.

மேனகா மேடத்திடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் தாளில் 'இல்லை' என்றே அடி. அதுதான் உண்மை.

இப்போது நாற்பத்தொரு நிமிடம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

முதல் பக்கத்தை இரண்டு நிமிடத்தில் படித்தேன். சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொன்னேனே. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினேன். முதல் நாள் நீ உன் கையால் நிரப்பிய படிவம், ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள். அந்த முத்து முத்தான கையெழுத்து. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: நிர்மலா. உறவு: அக்கா. என் நம்பர். அதற்குக் கீழே, வேறு யாரேனும் என்ற இடத்தில், வேறு யாரும் இல்லை என்று எழுதியிருந்தாய்.

முந்தின நாள்தான் உன்னை பிளாக் செய்திருந்தேன். உனக்கு ஏதாவது ஒன்று என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் உன் போனை எடுத்துத்தான் எனக்கு அடிப்பார்கள். என் போன் அடிக்காது. நான் சாரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன்.

திரை இருட்டாகப் போகும்போதெல்லாம் மௌஸை அசைத்தேன். மூடிவிட்டால் அந்த வரியைத் திரும்பப் பார்க்க முடியாது, திரும்பத் திறக்கவும் தைரியம் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மணிக்கு யாரோ கூப்பிட்டார்கள், மூடினேன்.

அவ்வளவு பார்த்துவிட்டு அன்றே பிளாக்கை எடுத்திருக்க வேண்டும் அல்லவா? எடுக்கவில்லை. சாயந்திரம் முதலியார்பேட்டைக்குப் போய் அம்மாவிடம் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். ஏன் என்று நானும் ஒன்றரை மாதமாக யோசிக்கிறேன். மார்க்கிலும் நீ, பெயரிலும் நீ, கடைசியில் மனதிலும் நீயே பெரியவள் என்று ஆகிவிட்டதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் உன் பெயரை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பொறாமைதான் இருக்கிற எல்லாவற்றையும்விடப் பெரியது. அம்மாவிடம் சொன்னதற்கு மன்னித்துவிடு. மற்றதற்கெல்லாம் பிறகு பார்க்கலாம்.

என் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூட உன் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எரிச்சலாகத்தான் இருக்கிறது. கோபமும் அப்படியே இருக்கிறது, பேசச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் பிளாக்கை எடுத்துவிட்டேன். அடித்தால் எடுப்பேனா என்று சொல்ல முடியாது. அடிக்கும்.

நிர்மலா


துரைப்பாக்கம்
31.7.2025

அக்கா,

நேற்று மத்தியானம் உனக்கு அடித்தேன். முழுசாக அடித்து நின்றது, நீ எடுக்கவில்லை. பரவாயில்லை, மணி போகிறதா என்று பார்க்கத்தான் அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் மேனகா மேடத்துக்குப் போன் செய்யத் தைரியம் வந்தது. நோட்டைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன். அவர், "நேத்து எத்தன மணி நேரம் தூங்கன?" என்று கேட்டார். "மூணு மணி நேரம் மேடம்" என்றேன். "இத நோட்டுல எழுதிக் கொண்டா" என்றார். மார்க்கைக் குறைப்பார்களா, சீட்டு என்ன ஆகும் என்று அடுத்த வாரம் தெரியும். போனால் நீ வந்து இந்த மேஜையில் உட்கார். நான் அங்கே டோக்கன் கவுண்டர் பக்கம் நின்று உன்னை நினைத்து எரிந்துகொள்கிறேன். நமக்கு அது பழக்கம்தானே.

நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே ஏன் வந்தேன் தெரியுமா? மயங்கி விழுந்தால் வீட்டுக்குக் கூட்டிப் போக அந்தக் கட்டிடத்தில் ஒரு ஆள் இருக்கிறது என்றுதான் வந்தேன். திட்டிக்கொண்டேதான் கூட்டிப் போவாய் என்பதும் தெரியும்.

கடைசி நாள் என்பதால் அந்தத் தாளை இன்று காலை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பிவிட்டேன். நான் கேட்டுக்கொண்டேனா என்ற முதல் கேள்விக்கு 'இல்லை' என்று அடித்தேன். அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது, விடு என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் விவரத்தில் மாற்றம் ஏதும் உண்டா என்பது அது.

அதற்கும் 'இல்லை' என்றுதான் அடித்தேன்.

குழலி